எல்லார் கையும் மேலே

“ஊசி மாதிரி குத்தணும்ணே. இது என்ன, கம்பளிக்குள்ள தலையை விட்டுட்டுப் பாடற மாதிரி இருக்கு?”

சொல்லிக்கொண்டே ராக்கெட் தன் மிக்சரில் ட்ரெபிள் குமிழை வலப்பக்கம் திருகினான். பாட்டில் இருக்கும் மெல்லிய, கூர்மையான சத்தங்களைத் தூக்கிக் கொடுக்கும் குமிழ் அது. மேடைத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர், ஆம்ப்ளிஃபயர் அலமாரியில் இருந்த இன்னொரு குமிழை அதே அளவு இடப்பக்கம் திருகினார். ஹாலில் எதுவும் மாறவில்லை.

“இப்ப?” என்று திரைக்குள்ளிருந்து கேட்டார்.

“இப்பதான்ணே உசுரு வந்திருக்கு.”

குமிழ் திரும்பியதைக் கண் பார்த்திருந்தது. காது அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

அன்றைக்கு டயர் வியாபாரிகளின் மதிய விருந்து. வியாபாரிகள் இன்னும் வாசலில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். போன் சார்ஜர் தேடி ராக்கெட் திரையை விலக்கினான். பெட்டிக்காரரின் கை இன்னும் குமிழின் மேலேயே இருந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவர் அவர். பெரிய உடம்பு. இரண்டு காதிலும் பஞ்சு. சாப்பாட்டு வாசனை வந்தால் மட்டும் பஞ்சை எடுப்பார். எதற்காக என்று யாருக்கும் தெரியாது.

“என்னண்ணே பண்றீங்க?”

“குறைக்கறேன்.”

“எதை?”

“நீ கூட்டினதை.”

ராக்கெட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளறையில் கூட அவன் அதைக் கழற்றுவதில்லை. கழற்றினால் விஷயம் பெரியது.

“எவ்வளவு நாளா இது நடக்குது?”

“நீ தலைக்கு மை அடிக்க ஆரம்பிச்சதிலிருந்து.”

“என் சவுண்டைக் கெடுத்திருக்கீங்க. அத்தனை வருஷமா. பொறாமை!”

“உன்னைப் பார்த்தா?” பெட்டிக்காரர் சிரித்தார். “டேய், என் வயித்தெரிச்சலுக்கு வேற ஆளா கிடைக்காது? உனக்குக் காது போச்சுடா தம்பி. மேல் சத்தம் ஒண்ணும் விழல. நீ வைக்கிறபடி விட்டா முன்வரிசைல இருக்கறவனுக்குப் பல்லு கூசும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் சாப்பிட விடாம துரத்துவாங்க. உன்னைத் துரத்தினா நீ போவே. நான் பந்தியைப் பார்த்துட்டு எப்படிப் போறது?”

“என் காதைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

“சரி, பேசல. உனக்குத்தான் கேக்காதே.”

டயர் வியாபாரிகள் உள்ளே வந்துவிட்டதால் சண்டை அத்தோடு நின்றது. நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது, இனி உங்கள் பெட்டி எனக்கு வேண்டாம் என்று ராக்கெட் சொன்னான். பெட்டிக்காரர் பல் குத்திக்கொண்டே, “வர ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் சொல்லு, இப்பவே சொல்லாத” என்றார். நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஞாயிறு தனக்கும் சேர்த்துத்தான் சோறு என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு இப்படிப்பட்டது. ஹாலின் முதலாளி கிழவராகி, நிர்வாகத்தை மருமகளிடம் கொடுத்திருந்தார். ஹாலைப் பிடிக்கிறவர்களுக்கு விளக்கு, சாப்பாடு, டிஜே எல்லாம் ஒரே கையில் கிடைக்க வேண்டும் என்று மருமகள் முடிவு செய்தாள். நிரந்தரமாக ஒரு ஆள்; வாசல் பலகையில் அவன் படம். தன் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஞாயிறு மதியம் அங்கேயே வைத்து, ராக்கெட்டைக் கூப்பிட்டிருந்தாள். பிடித்தால் அவன்தான். பிடிக்காவிட்டால் வேறு ஏற்பாடு. அவளே தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கு மெல்லிய குரல். பாதிதான் கேட்டது. மீதியை அவன் மனைவியிடம் போனைக் கொடுத்துத் தெரிந்துகொண்டான். சிக்னல் சரியில்லை என்றான்.

ராக்கெட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்திருந்தால் மன்னித்துவிடலாம். அவனே வைத்துக்கொண்டான்.

அதற்கு முன் அவன் ஒரு செருப்புக் கடை வாசலில் மைக் பிடித்து ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “உள்ள வாங்க, உக்காருங்க, ஒரு ஜோடி போட்டுப் பாருங்க, போட்ட காலைக் கழட்டாம வீடு வரைக்கும் போங்க.” நாள் முழுக்க இதையே சொன்னால் எவனுக்கும் ஒரு தாளம் வந்துவிடும். அவனுக்கும் வந்தது. எதிர்க்கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவன், இதற்கு ராப் என்று பேர், வெளிநாட்டில் இதைச் செய்கிறவனெல்லாம் மாளிகையில் இருக்கிறான் என்று சொல்லிவைத்தான். ரிப்பேர்க்காரனிடம் ஒரு கம்ப்யூட்டரும், அதோடு இலவசமாக வந்த சில தாளங்களும் இருந்தன. கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, இருவரும் வியர்த்துக்கொட்ட ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள்.

“கையைத் தூக்கு, காலைத் தூக்கு,
கவலையெல்லாம் மூட்டை கட்டி மாடியில தூக்கு.”

கையையும் காலையும் சேர்த்துத் தூக்கினவன் எதன்மேல் நிற்பான் என்று யாரும் கேட்கவில்லை. ரிப்பேருக்கு வந்த போன்களில் எல்லாம் ரிப்பேர்க்காரன் அந்தப் பாட்டை ஏற்றி அனுப்பினான். உடைந்த திரையை மாற்ற வந்தவர்கள் பாட்டோடு திரும்பினார்கள். ஒரு கோடை முழுக்க அது பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டது. ஒரு கல்லூரியில் அவனை மேடையேற்றினார்கள். “கையைத் தூக்கு” என்றான். அத்தனை பேரும் தூக்கினார்கள்.

அதை அவன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு வேறு எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த பாட்டில் கையை இறக்கச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்ததில் தன்னைப் புலி என்றும், மற்ற ராப்பர்களைப் பூனை என்றும் திட்டினான். மற்ற ராப்பர்கள் திருப்பித் திட்டுவார்கள், அதில் பேர் வரும் என்று காத்திருந்தான். அவர்களுக்கு அவன் திட்டியதே தெரியாது. ஒரு சினிமாவில் பாடக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை பாடினான். படம் வந்தபோது அவன் குரலில் ஒரே ஒரு “ஏய்” மிச்சம் இருந்தது. அந்த “ஏய்”யும் சண்டைக்காட்சியில் யாரோ ஜன்னலிலிருந்து விழும்போது கத்துவதாக இருந்தது. அவன் குடும்பத்தோடு போய் அந்த “ஏய்”யைப் பார்த்தான். மைத்துனன், “மாமா, கண்ணாடி உடையற சத்தத்துல சரியா விழல, இன்னொரு தடவை பார்ப்போமா?” என்று கேட்டான். மைத்துனனோடு பேச்சு அன்றோடு நின்றது.

பாட்டு சோறு போடாது என்று தெரிந்ததும் டிஜே ஆனான். மற்றவர்கள் பாடினதைப் போட்டுவிட்டு நடுநடுவே கத்துகிற வேலை. கழுத்தில் தடித்த சங்கிலி. வெயில் நாளில் அது பச்சைக் கறை விடும். பின்னால் திருப்பிய தொப்பி; வழுக்கை முன்னேற முன்னேற தொப்பியும் பின்னேறியது. பார்க்கிறவர்களை எல்லாம் ‘ப்ரோ’ என்றான். மாமனாரை ஒருமுறை சொல்லிவிட்டான். அவர் சாகும்வரை அதை மறக்கவில்லை.

கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா, துணிக்கடைத் திறப்பு என்று அழைப்புகள் வந்தன. ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் திறப்புக்குக் கூப்பிட்டார். அங்கேயும் கவலையை மூட்டை கட்டி மாடியில் தூக்கச் சொன்னான். மாடியில்தான் எக்ஸ்ரே அறை. எங்கே போனாலும் முடிவில் அந்தப் பாட்டு உண்டு. அதையும் இப்போது பாடுவதில்லை. பழைய பதிவு ஓடும். அவன் வாயை அசைப்பான். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் நிஜமாகக் கத்துவான். இருபத்திரண்டு வயதுக் குரலுக்கு நாற்பது தாண்டிய வாய். எவரும் கண்டுபிடிக்கவில்லை என்று பெருமைப்படுவான். கண்டுபிடிக்க வேண்டுமானால் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

இத்தனை வருஷமும் ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதுக்கு ஒரு முழம் தள்ளி ஸ்பீக்கர் பெட்டி. தடித்த சத்தங்கள் எப்போதும்போல் வந்தன. மெல்லியவை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கிளம்பிப்போயின.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது குக்கர். அது விசில் அடித்து அடித்து ஓய்ந்து, அரிசி கருகி, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டியபோது ராக்கெட் அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். குக்கரில் கோளாறு என்றான். புது வெயிட் வாங்கி வந்து போட்டான். அதுவும் அவனுக்கு ஊதவில்லை. இப்போதெல்லாம் எதுவும் தரமாகச் செய்வதில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டினான்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தது மகள். பத்தாம் வகுப்பு. குரலை மெலிதாக்கி, மூக்கிலிருந்து விட்டால் அப்பாவுக்கு விழாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேச முடிந்தது.

“இந்தச் சங்கிலியோடவா ஸ்கூல் மீட்டிங்குக்கு வருவாரு?” என்பாள் மகள், கொசு மாதிரி.

“வர மாட்டாரு. நான் தேதியே சொல்லல,” என்பாள் அம்மா, இன்னொரு கொசு.

“என்ன முணுமுணுப்பு? ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசுங்க.”

“குழம்பு போதுமான்னு கேட்டா,” என்பாள் மனைவி, சாதாரணக் குரலில்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேஜையில் உட்காருகிறவள். வருகிறவர்களிடம் வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று கேட்பதே நாள் முழுக்க வேலை. அதனால் வீட்டில் தேவைக்கு மேல் கேள்வி கேட்பதில்லை. ராக்கெட் வந்து பெட்டிக்காரரின் துரோகத்தைச் சொன்ன அன்று மட்டும் கேட்டாள்.

“அவர் எதுக்குங்க பொய் சொல்லணும்?”

“எதுக்கா? இப்பதான் எனக்கு எல்லாம் விளங்குது. நான் ஏன் மேல போகலை? என் சவுண்டு வெளிய போனாத்தானே போவேன்! முன்னாடி நான் நெருப்பு வெக்கறேன், பின்னாடி ஒருத்தன் தண்ணி ஊத்தியிருக்கான்.”

“அவர் உங்ககூட வந்து ஆறேழு வருஷம்தானே இருக்கும்? அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி வேற எவனாவது ஊத்தியிருப்பான்.”

“எங்க லேப் மாடியிலயே காது பாக்கற ரூம் இருக்கு. ஒரு தடவை...”

“என் காதையா? இந்த வீட்டுல எல்லாரும் என் காதை வெச்சுத்தான் சாப்பிடறீங்க.”

அந்த மாத அரிசி அவள் சம்பளத்தில் வாங்கியது. போன மாதத்துதும். அவள் அதைச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது மகளிடம் கொசுக்குரலில், “விடு, ஞாயித்துக்கிழமை ஊரே சொல்லும்” என்றாள்.

வாடகைப் பெட்டி வேண்டாம் என்றாகிவிட்டதால் ராக்கெட் தன் பழைய காரை விற்றுப் புதுப் பெட்டிகள் வாங்கினான். ஆள் உயரம், நாலு பெட்டி. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி ட்ரெபிளை ஏற்றச் சொன்னான்; இன்னும் ஏற்றச் சொன்னான். விற்பனையாளன் முகத்தைச் சுளித்துக்கொண்டே, “சார் கேக்கற விதத்துலயே தெரியுது, நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்” என்றான். விற்பனை நடந்துகொண்டிருக்கும்போது எல்லோருக்கும் கலைஞனை அடையாளம் தெரியும்.

ஞாயிறு மதியம் ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வயதானவர்கள், பின்னால் தம்பதிகள், எங்கும் குழந்தைகள். பலூன்களால் ஒரு வளைவு. அதன் கீழே பிறந்தநாள் குழந்தை, மருமகளின் இடுப்பில், காதைச் சுற்றி ரப்பர் கட்டிய காகிதத் தொப்பியோடு. இன்னும் ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஒரு ஆளைக் கொண்டாட நாலு ஆளுயரப் பெட்டிகள். கிழட்டு முதலாளி ஓரத்தில் கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நட்டு உட்கார்ந்திருந்தார்.

வீடியோ எடுக்க ராக்கெட் மகளை இழுத்து வந்திருந்தான். “மேடையை விட அதிகமா கூட்டத்தைக் காட்டணும். கைகளைக் காட்டு. எல்லார் கையும் மேல வரணும், புரியுதா? அந்தம்மாகிட்ட அதைத்தான் போட்டுக் காட்டப் போறேன்.” மகள் தலையாட்டினாள். மேடைக்குக் கீழே போய் நின்று, காகிதக் கைக்குட்டையைக் கிழித்து நனைத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டாள். பெட்டிக்காரரும் வந்திருந்தார். ஹால் எலக்ட்ரீஷியன் அவருடைய மச்சான். அந்த உறவில் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பஞ்சோடு.

இப்போது திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. ராக்கெட் ட்ரெபிள் குமிழை வலப்பக்கம் திருகினான். போதவில்லை. இன்னும் திருகினான். குமிழ் முட்டி நின்றது. அவன் காதுக்கு அப்போதுதான் பாட்டு ஒருவாறு பாட்டு மாதிரி இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, பட்டனைத் தட்டினான்.

ஹாலில் இருந்தவர்களுக்கு அது பாட்டாக வரவில்லை. தகரத்தை ஆணியால் இழுக்கிற மாதிரி ஒன்று நாலு பக்கமிருந்தும் வந்தது. முன்வரிசையில் ஒரு தாத்தா தன் காதுக் கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்; அன்று மதியம் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தோளைக் குறுக்கினார்கள்.

“கையைத் தூக்குங்க!” என்றான் ராக்கெட்.

கைகள் எழுந்தன. முதலில் குழந்தைகள், பிறகு பெண்கள், பிறகு எல்லோரும். கறுப்புக் கண்ணாடி வழியாக, மேடை விளக்கு கண்ணில் அடிக்க, ஹால் முழுக்க முழங்கைகள் உயர்வதை அவன் பார்த்தான். கல்லூரி மேடைக்குப் பிறகு இப்படிப் பார்த்ததில்லை.

“அப்படியே வெச்சிருங்க! இறக்கக் கூடாது!”

யாருக்கும் இறக்கும் எண்ணம் இல்லை.

பின்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தியபடியே சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தார்கள். ஆடிக்கொண்டே போகிறார்கள் என்று நினைத்தான். “பசியா ப்ரோ? ஆடினா பசிக்கும்! சாப்பிட்டு வாங்க!” ஒரு பெண் இரண்டு பிள்ளைகளைத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்குக் கை அசைத்தான்.

பிறந்தநாள் குழந்தை வாயை முழுதாகத் திறந்திருந்தது. முகம் சிவந்து, கண் மூடி, மேல் ஈறு தெரிய. இவ்வளவு சிரித்த குழந்தையை அவன் எந்த விழாவிலும் பார்த்ததில்லை. மேடையிலிருந்து குதித்து மருமகளின் முன்னால் போய், மைக்கைக் குழந்தையின் வாய்க்கு நீட்டினான்.

“சொல்லு குட்டி ப்ரோ! ஹாப்பி பர்த்டே எனக்கு!”

குழந்தையின் அலறல் நாலு பெட்டிகளிலும் வந்தது. வந்த அலறலை மைக் மறுபடி பிடித்துப் பெட்டிக்கே கொடுத்தது. பெட்டி இன்னும் உரக்கத் திருப்பிக் கொடுத்தது. பலூன் வளைவின் பக்கத்தில் ஒருவன் கேக்கை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். மருமகள் ராக்கெட்டின் முகத்துக்கு நேராக ஏதோ கத்தினாள். அவள் குரல் அவன் காதை விட்டு எப்போதோ போய்விட்ட குரல். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

“தேங்க்யூ மேடம். எல்லாம் உங்க ஆசீர்வாதம்.”

மேடைக்கு ஓடிப்போய்த் தன் பாட்டைப் போட்டான். பழைய குரல் பாடியது. புது வாய் அசைந்தது. “கவலையெல்லாம் மூட்டை கட்டி மாடியில...” என்ற இடத்தில் மருமகள் எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கையை வீசினாள். எலக்ட்ரீஷியன் மேடையின் மெயினை இறக்கினான்.

“...தூக்கு!” என்று ராக்கெட் மட்டும் கத்தினான், மைக் இல்லாமல், ஒரு தட்டைப் போட்டு உடைத்த மாதிரி.

ஒரு கணம் அமைதி. குழந்தையின் விசும்பல். பிறகு கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் தொடங்கி, கதவுக்கு வெளியே போய்விட்டவர்கள் வரை. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். சத்தம் நின்றதற்கு இவ்வளவு மனமாரத் தட்டின கூட்டத்தை அந்த ஹால் கண்டதில்லை.

ராக்கெட் தொப்பியைக் கழற்றி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று குனிந்தான்.

சாப்பாடு முடிந்ததும் அவன் நேராக முதலாளியிடமும் மருமகளிடமும் வந்தான். முகம் பளபளத்தது. மருமகள் நாலைந்து வாக்கியம் பேசினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “பண்ணிடலாம் மேடம், பண்ணிடலாம்” என்றான். கிழவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். அவருக்குத் தவில் மாதிரிக் குரல்.

“தம்பி. என் மருமக என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா?”

“பெர்மனன்ட் விஷயமாதானே சார்?”

“வேணாம்னு சொன்னா. இன்னைக்கும் வேணாம், இனியும் வேணாம். புள்ளையை ஒரு மணி நேரமா தேத்தறாங்க. நீ பண்ணிடலாம்னு தலையாட்டறே.”

ராக்கெட் சிரித்தான். கிழவர் விளையாடுகிறார் என்று நினைத்த சிரிப்பு அது. அவர் சிரிக்காததைப் பார்த்து அதைப் பாதியில் நிறுத்தினான்.

“சார், கூட்டம் எப்படி இருந்ததுன்னு நீங்க ஓரத்துல உக்காந்ததால தெரியல. வீடியோ இருக்கு. எல்லார் கையும் மேல சார். ஒரு ஆள் பாக்கியில்ல. கைதட்டல் கேட்டீங்கல்ல? அது கூடவா பொய்?” மகளைப் பார்த்துக் கையை நீட்டினான். “காட்டு.”

மகள் போனை அப்பாவிடம் தரவில்லை. முதலாளியிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். பிறகு திரையை ராக்கெட்டின் பக்கம் திருப்பினார்.

“கை மேலதான் இருக்கு. விரல் எங்க இருக்குன்னு பாரு.”

ராக்கெட் பார்த்தான். ஒரு பெண்மணியின் விரல் அவள் காதுக்குள் இருந்தது. கிழவர் படத்தை நகர்த்தினார். அடுத்தவனுடையதும் காதில். அதற்கடுத்த பிள்ளைக்குக் கை போதாமல், அதன் அப்பா ஒரு காதைப் பொத்தியிருந்தார். வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார். அவருக்கு நேரம் நிறைய இருந்தது. சாப்பாட்டுக் கூட வாசலில் பெட்டிக்காரர் வந்து நின்றார். அந்தப் பக்கம் ராக்கெட் திரும்பவில்லை.

மகள் காதிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் அதையும் பார்த்தான்.

“லைட்டிங் சரியில்ல சார்,” என்றான் ராக்கெட்.

மறுநாள் திங்கட்கிழமை. மனைவி காலையில் அவனைத் தன்னோடு அழைத்துப்போனாள். அவன் மறுக்கவில்லை, பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பரிசோதனை நிலையத்தின் மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சுத் துணி, நடுவில் கண்ணாடித் தடுப்பு. ஒரு இளம்பெண் அவன் காதில் ஹெட்போனை மாட்டினாள். அவன் அதை இன்னும் சரியாக மாட்டிக்கொள்ளும் முறையை அவளுக்குக் காட்டினான். அவள் அவன் முகத்துக்கு அருகில் வந்து, உரக்கச் சொன்னாள்.

“சத்தம் கேக்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்க சார். கேக்கலைன்னா தூக்க வேணாம்.”

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். அவன் கையைத் தூக்கினான். இறக்கினான். தூக்கினான். கொஞ்ச நேரம் போனதும் ஒரு தாளத்தில் தூக்க ஆரம்பித்தான். அவள் திரும்பி வந்து ஹெட்போனைத் தூக்கினாள்.

“நான் இப்ப எதுவும் போடலையே சார்.”

“தெரியும். ரெடியா இருந்தேன்.”

மறுபடி செய்தார்கள். இந்த முறை நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள், அவள் விரல் பட்டனில் அழுந்துவது அவனுக்குத் தெரியாதபடி. முதல் சில சத்தங்களுக்குத் தூக்கினான். பிறகு கை மடியிலேயே இருந்தது. முடிவு ஒரு தாளில் வந்தது. அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பின் கீழே விழுந்தது. மனைவி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். வரிசையில் இருந்த முதல் ஆளிடம் வெறும் வயிறா என்று கேட்டாள்.

ஹாலில் அன்று ஒரு நிச்சயதார்த்த விருந்து இருந்தது. எலக்ட்ரீஷியன் தன் போனை ஹாலின் பழைய பெட்டிகளில் செருகிப் பாட்டுப் போட்டான். பிற்பகலில் பெட்டிக்காரர் ராக்கெட்டின் நாலு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார். வாசலறையில் இரண்டுதான் கொண்டது. மற்ற இரண்டை அடுக்களைப் பக்கம் நிறுத்தினார்கள். விற்கிறாயா என்று பெட்டிக்காரர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் ராக்கெட். “யோசி, அவசரமில்ல. துணி காயப்போடவாச்சும் ஆகும்,” என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையை ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். மனைவி வந்ததும் அரிசி களைந்து வைத்தாள். ராக்கெட் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது. மகள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.